இறங்காத பந்துக்கு ஏற்ற தண்டு

தலை உண்டு, முகம் உண்டு, கண்ணும் வாயும் கிடையாது. கழுத்து உண்டு, வயிறு கிடையாது. அது வளைந்தால் அடித்தது நேராகப் போகும், வளைய மறுத்தால் அடித்தது கோணிக்கொண்டு போகும். அது என்ன, சொல் பார்க்கலாம்.

அகப்பை என்றால் இல்லை, அகப்பை வளைந்தால் உடைந்துபோகும். தூண்டில் என்றால் பக்கத்தில் வந்துவிட்டாய், ஆனால் தூண்டிலுக்கு முகம் ஏது? நீ வெண்பாறையில் பிறந்த பிள்ளையாக இருந்தால் இந்நேரம் விடையைச் சொல்லிவிட்டு விளையாடப் போயிருப்பாய், ஏனென்றால் வெண்பாறை மலையில் ஒரு கோல்ஃப் மைதானம் இருக்கிறது, ஊரில் பாதிப் பேர் அங்கே புல் வெட்டுகிறவர்கள், மீதிப் பேர் அங்கே ஆட வருகிறவர்களின் பையைச் சுமக்கிறவர்கள், அந்தப் பையில் இருக்கிற மட்டைகளிலேயே நீளமானதும் அதிக தூரம் அடிப்பதற்கானதுமான மட்டைக்கு டிரைவர் என்று பெயர். விடை அதுதான். அதன் தலைக்கும் கைப்பிடிக்கும் நடுவே ஓடுகிற மெல்லிய குழாயைத் தண்டு என்பார்கள், வளைவதும் வளைய மறுப்பதும் அந்தத் தண்டுதான், இந்தக் கதையும் ஒரு தண்டைப் பற்றியதுதான்.

வெண்பாறை மைதானத்தில் மட்டைகளுக்குத் தண்டு மாற்றிக் கொடுத்தவர் சிகாமணி. ஆட்டக்காரர்கள் காலணி மாற்றும் கூடத்துக்குப் பின்னால், பசை வாசமும் ரப்பர் வாசமும் அடிக்கிற ஒரு சின்ன அறையில் அவர் உட்கார்ந்திருப்பார். ஒருவருக்கு எந்தத் தண்டு சரி என்று பார்ப்பதில் மந்திரம் எதுவும் கிடையாது. வேகமாக வீசுகிறவருக்கு விறைப்பான தண்டு வேண்டும், மெதுவாக வீசுகிறவருக்கு இளகலான தண்டு வேண்டும், ஆரம்பிக்கும்போதே பதறுகிறவருக்குக் கொஞ்சம் கனமாகக் கொடுத்தால் கை நிதானப்படும், இவ்வளவுதான். கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. எந்தத் தண்டு எவ்வளவு விறைப்பு என்று அதன் மேலேயே ஓர் எழுத்து அச்சடித்திருக்கும்: எஸ் என்றால் விறைப்பு, ஆர் என்றால் நடுத்தரம், ஏ என்றால் வயதானவர்களுக்கு, எல் என்றால் எல்லாவற்றிலும் இளகல். போன வருஷம் எஸ் வைத்து ஆடியவருக்கு இந்த வருஷம் ஆர் கொடுத்தால் முகம் சுண்டிப்போகும், வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பழைய தண்டிலேயே பந்தைக் காட்டுக்குள் அடித்துக்கொண்டிருப்பார். ஆகவே சிகாமணி ஒரு வழி வைத்திருந்தார். சரியான தண்டை எடுத்து, மாட்டுவதற்கு முன்னால் அதன் எழுத்தைப் பிளேடால் சுரண்டி, சுரண்டிய இடத்தில் கறுப்புச் சாயம் தடவிவிடுவார். அவரும் சொல்லமாட்டார், அவர்களும் கேட்கமாட்டார்கள். வெண்பாறையில் நேராக அடிக்கிறவர்களின் தண்டில் பெரும்பாலும் எழுத்து இருக்காது, எழுத்தில்லாத தண்டைப் பற்றி ஒருவரை ஒருவர் விசாரிப்பதும் வழக்கமில்லை.

எழுத்தைச் சுரண்டாமல் ஆடியவர்களில் ஒருத்தி சிகாமணியின் மனைவி மரகதம். அவள் புல் வெட்டும் பெண்களில் ஒருத்தி, தோள் அகலம், கை நீளம். திங்கட்கிழமை மைதானத்துக்கு விடுமுறை. அன்று ஆட்டக்காரர்கள் வரமாட்டார்கள், அன்று மட்டும் வேலைக்காரர்கள் ஆடிக்கொள்ளலாம் என்று அந்தக் காலத்திலிருந்து ஓர் ஏற்பாடு. ஆட்டக்காரர்கள் கழித்துக்கட்டிய மட்டைகளை வைத்துக்கொண்டு பை சுமப்பவர்களும் தோட்டக்காரர்களும் காலையிலிருந்து ஆடுவார்கள், புடவைக்கு மேல் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு மரகதமும் ஆடுவாள், அவளுடைய டிரைவரின் தண்டில் எஸ் என்ற எழுத்து வெள்ளையாகத் தெரியும்.

"மரகதம், அது ஆம்பளைங்க தண்டு, கை சுளுக்கிக்கப்போவுது" என்று யாராவது சொன்னால், "நீ வெச்சிருக்கிறது தொடப்பக்குச்சின்னு உன் பொண்டாட்டி சொல்றாளே, அதை முதல்ல பாரு" என்பாள். சொல்லிவிட்டு அடித்தால் பந்து, ஏழாம் குழிக்கு முதல் அடி அடிக்கிற ஏழாம் மேட்டிலிருந்து கிளம்பிப் பள்ளத்தைத் தாண்டி அந்தப் பக்கத்துப் புல்வெளியில் போய் விழும். அவர்களுடைய மகள் அல்லி, நாலாம் வகுப்புப் படிக்கிறவள், பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடுவாள்.

ஒரு ஐப்பசி மழைக்குப் பிறகு மரகதத்துக்கு உடம்பு இளைக்க ஆரம்பித்தது. சிகாமணி அவளைக் கூட்டிக்கொண்டு கீழே ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார், பை நிறைய மாத்திரையும் டாக்டர் சொன்ன ஒரு வார்த்தையும் கொண்டுவந்தார், மாத்திரையை அலமாரியில் வைத்தார், வார்த்தையை எங்கே வைத்தார் என்று அல்லிக்குத் தெரியாது. அடுத்த திங்கட்கிழமை மரகதத்தின் பந்து பள்ளத்தில் விழுந்தது. அதற்கடுத்ததும் பள்ளத்தில் விழுந்தது. அந்த வாரம் சிகாமணி தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவளுடைய டிரைவரிலிருந்து எஸ் தண்டைக் கழற்றிவிட்டு ஆர் தண்டைப் பொருத்தினார், ஆர் எழுத்தைச் சுரண்டினார், கறுப்புச் சாயம் தடவினார். திங்கட்கிழமை மரகதம் மட்டையை எடுத்தாள், வெள்ளை எழுத்து இருந்த இடத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் அடித்தாள், பந்து பள்ளத்தைத் தாண்டியது. கார்த்திகை போய் மார்கழி வந்தபோது பந்து மறுபடியும் பள்ளத்தில் விழ ஆரம்பித்தது, சிகாமணி ஏ தண்டு மாற்றினார். தை பிறந்தபோது அவள் மேட்டில் ஏறுவதற்கே நடுவில் உட்கார வேண்டியிருந்தது, சிகாமணி எல் தண்டை எடுத்தார், எடுத்தவர் அதைச் சுரண்டாமல் ஒரு நாள் முழுக்க மடியில் வைத்துக்கொண்டிருந்தார், ஏனென்றால் எல்லுக்குக் கீழே எழுத்து கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரிதான் அதைச் சுரண்டிச் சாயம் தடவி மாட்டினார்.

அந்தத் திங்கட்கிழமை வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஏழாம் மேட்டில் பை சுமப்பவர்களின் மேஸ்திரி ஆரோக்கியம் நின்றார், புல் வெட்டும் பெண்களுக்குத் தலைவியான செல்லக்கிளி நின்றாள், இன்னும் பலர் நின்றார்கள். மரகதம் அல்லியிடமிருந்து டிரைவரை வாங்கி, கைப்பிடியில் கைவைத்து, தண்டைக் கொஞ்ச தூரம் தடவிப் பார்த்தாள்.

"ஏங்க, சாயம் இன்னும் காயல. கையில ஒட்டுது."

"குளிருக்கு அப்படித்தான் இருக்கும்" என்றார் சிகாமணி.

"ஆமா, குளிருக்குத்தான்" என்றாள் மரகதம்.

மட்டையை அவள் மேலே கொண்டுபோகும்போது உச்சியில் ஒரு கணம் நிறுத்துவாள், இட்லிச் சட்டியின் மூடியைத் திறப்பதற்கு முன் துணி எங்கே என்று பார்க்கிறவளைப் போல, அந்த வழக்கம் மட்டும் உடம்பு இளைத்த பிறகும் மாறவில்லை. அன்றைக்கும் நிறுத்தினாள், பிறகு வீசினாள். தண்டு எவ்வளவு வளைய வேண்டுமோ அவ்வளவு வளைந்தது. பந்து ஏறியது, பள்ளத்துக்கு மேலே ஏறியது, தைல மரங்களுக்கு மேலே ஏறியது, ஏற வேண்டிய உயரத்துக்கு ஏறி, அங்கே நின்றது.

"நல்ல அடி" என்றார் ஆரோக்கியம். அப்படிச் சொல்வது வழக்கம். பந்து இறங்கட்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அடித்தவர் பந்து தரையில் விழும்வரை அடித்த கோலத்திலேயே, மட்டையைத் தோளுக்கு மேலே பிடித்தபடி நிற்பதும் வழக்கம், அப்படியே மரகதமும் நின்றாள். பந்து இறங்கவில்லை. ஒரு காக்கை வந்து அதைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து மரகதம் மட்டையை இறக்கிச் சிகாமணியிடம் கொடுத்தாள்.

"எனக்குக் கால் வலிக்குது. அந்த மரத்தடியில உக்காந்திருக்கேன். இறங்கினதும் எழுப்புங்க."

பைன் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தாள், கண்ணை மூடினாள். பந்து இறங்கவில்லை, அவளும் கண்ணைத் திறக்கவில்லை.

கோல்ஃப் சங்கத்தின் செயலாளர் நரசிம்மன் மறுநாளே கமிட்டியைக் கூட்டினார். சிலர் தொலைநோக்கி கொண்டுவந்து பார்த்தார்கள், பந்தின் மேலிருந்த சின்னச் சின்னக் குழிகள்கூடத் தெளிவாகத் தெரிந்தன, மரகதம் அடையாளத்துக்கு வைத்த நகச்சாயப் புள்ளியும் தெரிந்தது. கண்ணுக்குத் தெரிவதால் அது தொலைந்த பந்து இல்லை என்றும், தரையைத் தொடாததால் அந்த அடி இன்னும் முடியவில்லை என்றும், ஒருவருடைய அடி முடியும்வரை மற்றவர்கள் சத்தம் போடக் கூடாது என்பது எல்லா மைதானத்துக்கும் பொதுவான மரியாதை என்றும் கமிட்டி முடிவு செய்தது. ஏழாம் மேட்டில் ஒரு பலகை வைத்தார்கள்: ஒரு அடி நடந்துகொண்டிருக்கிறது, அமைதி காக்கவும்.

ஊரும் அப்படியே நடந்துகொண்டது. மேட்டுக்குக் கீழே வளைவில் திரும்பும் பேருந்து ஹாரன் அடிப்பதை நிறுத்தியது. அந்த வழியாகப் போகிற கல்யாண ஊர்வலங்களில் நாதஸ்வரக்காரர் வாத்தியத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வளைவைத் தாண்டிய பிறகு விட்ட இடத்திலிருந்து ஊதினார். உச்சிவேளையில் பந்தின் நிழல் புல்வெளியில் ஒரு எலுமிச்சம்பழ அளவுக்கு விழுந்தது, புல் வெட்டும் பெண்கள் அந்த இடத்தை மட்டும் கையால் ஒதுக்கிவிட்டு வெட்டினார்கள். மழை பெய்தால் பந்துக்கு நேர் கீழே ஒரு சின்ன வட்டம் நனையாமல் இருந்தது. மஞ்சு இறங்கிப் பந்தை மறைத்த நாட்களில் யாருக்கும் வேலை ஓடவில்லை, விலகியதும் வீட்டுக்கு வீடு வெளியே வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே போய் உலையை ஏற்றினார்கள். வெளியூர்க்காரர்கள் வந்து பார்த்தார்கள், வளைவில் டீக்கடை வைத்திருந்த ராசப்பன் அவர்கள் உட்காரப் புதிதாக பெஞ்சு போட்டான். கொஞ்ச காலத்தில் அது நிலாவைப் போல, ஊருக்கு ஒரு பந்து இருப்பதுதான் இயல்பு என்பதைப் போல ஆகிவிட்டது.

மரகதத்தை மேட்டுக்குப் பின்னால், பந்து தெரிகிற சரிவில் மண்ணில் வைத்தார்கள். ஆனால் பதினாறாம் நாள் காரியம் செய்யவில்லை. அடி முடியாமல் ஆட்டக்காரரை அனுப்புவது எப்படி என்று ஆரோக்கியம் கேட்டார். புல் வெட்டும் பெண்கள் அவளுடைய அரிவாளை அதன் ஆணியிலேயே விட்டார்கள், இடைவேளையில் அவளுக்கும் ஒரு டம்ளர் டீ ஊற்றி வைத்தார்கள். மரகதம் எங்கே என்று வெளியூர்க்காரர்கள் யாராவது கேட்டால், ஆட்டத்துல இருக்கா என்றார்கள். செத்துப்போனாள் என்று வெண்பாறையில் ஒருவரும் சொல்லவில்லை.

மண் போட்ட அன்று அல்லிக்கு அழுகை வந்தது. வாயைத் திறந்ததும் ஆரோக்கியம் குனிந்து தன் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். "அம்மா அடி இன்னும் முடியல பாப்பா. சத்தம் போடக் கூடாது" என்றார். அவர் கெட்ட மனதோடு சொல்லவில்லை, அவருடைய கண்ணும் நிறைந்துதான் இருந்தது. அல்லி வாயை மூடிக்கொண்டாள். உள்ளே போன அழுகை விக்கலாக வந்தது. அன்றைக்கு ஆரம்பித்த விக்கல் பிறகு நிற்கவில்லை. பள்ளியில் பாடம் ஒப்பிக்கும்போது விக்கினாள், சோறு தின்னும்போது விக்கினாள், அக்கம்பக்கத்தார் சர்க்கரை கொடுத்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், பின்னால் வந்து பயமுறுத்தினார்கள். ஊரில் பந்துக்குப் பழகிக்கொண்டதைப் போல அல்லியின் விக்கலுக்கும் பழகிக்கொண்டார்கள்.

சிகாமணி மட்டும் பழகிக்கொள்ளவில்லை. இறங்கினதும் எழுப்புங்க என்று அவள் சொல்லியிருந்தாள். இன்னொரு பந்து போய் அதைத் தொட்டால் இரண்டும் சேர்ந்து இறங்கிவிடும் என்று அவர் கணக்குப் போட்டார், அந்த உயரத்துக்கு ஒரு பந்தை ஏற்றுகிற தண்டைத் தேட ஆரம்பித்தார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஏழாம் மேட்டில் நின்று ஒவ்வொரு தண்டாக மாட்டி அடித்தார், ஊரில் பலம் உள்ளவர்களையெல்லாம் கூப்பிட்டு அடிக்கச் சொன்னார். செய்தி பரவியதும் ஆட்டக்காரர்கள் தண்டு கொண்டுவந்து கொடுத்தார்கள், வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பியது என்று கொடுத்தார்கள், பக்கத்து மலைகளிலிருந்து பேருந்தில் போட்டு அனுப்பினார்கள், கடைசியில் கோல்ஃப் என்றால் என்னவென்றே தெரியாதவர்கள் தூண்டில் குச்சியும் மூங்கில் கழியும் குடைக்கம்பியும் கொண்டுவந்து கோவிலுக்கு நேர்ந்துவிட்டதைப் போல அவருடைய அறைவாசலில் சாய்த்துவைத்துவிட்டுப் போனார்கள். எதிலும் ஆகவில்லை. வனக்காவலர் ஒருவர் மல்லுக்கட்டி அடித்ததில் தண்டு முறிந்து தலை மட்டும் பள்ளத்துக்குள் போயிற்று. மற்றவர்கள் அடித்த பந்துகள் ஏறின, ஒரு பனைமர உயரம் மிச்சம் இருக்கும்போது களைத்து, திரும்பி விழுந்தன. மரகதத்தின் டிரைவரை மட்டும் சிகாமணி யாருக்கும் கொடுக்கவில்லை, தானும் தொடவில்லை. அது எழுத்தில்லாத எல் தண்டோடு, அவளுடைய சால்வையில் சுற்றி, கதவுக்குப் பின்னால் இருந்தது.

ஒரு நாள் பள்ளிவிட்டு வரும் வழியில் அல்லி ஒரு குச்சியால் பேரிக்காயை அடித்துக்கொண்டு வந்ததைச் செல்லக்கிளி பார்த்தாள். பார்த்தவள் கூடையை அப்படியே கீழே வைத்துவிட்டாள்.

"ஏ புள்ள, இன்னொரு தடவை அடி."

அல்லி குச்சியை மேலே கொண்டுபோனாள், உச்சியில் ஒரு கணம் நிறுத்தினாள், விக்கினாள், அடித்தாள்.

செல்லக்கிளி நேராகச் சிகாமணியின் அறைக்குப் போனாள். "யோவ், மலைமலையா குச்சியைக் குவிச்சு வெச்சிருக்கியே, ஊரு ஆம்பளைங்க தோளையெல்லாம் கழட்டிவிட்டியே, வீட்டுக்குள்ள மரகதத்தோட கை இருக்கு, அது உனக்குத் தெரியலையா?"

அடுத்த திங்கட்கிழமை சால்வையைப் பிரித்தார்கள். அல்லிக்கு அந்த மட்டை நீளமாக இருந்தது, நிமிர்த்தினால் அவளுடைய மார்புக்கு வந்தது. கைப்பிடிக்குக் கீழே, தண்டிலேயே இறக்கிப் பிடித்துக்கொண்டாள். உச்சியில் நிறுத்தினாள், வீசினாள். மிச்சமாக நீட்டிக்கொண்டிருந்த முனை அவள் வயிற்றில் இடித்தது, மட்டையின் முகம் திரும்பிக்கொண்டது. ஆனாலும் பந்து ஏறியது, பனைமர உயரத்தைத் தாண்டி ஏறியது, தொங்கிக்கொண்டிருந்த பந்துக்கு இடப்பக்கமாக ஒரு கொடிக்கயிறு தூரத்தில், அதைவிட மேலேயே போய்விட்டு இறங்கியது.

யாரும் நல்ல அடி என்று சொல்லவில்லை. பந்து இறங்கக்கூடும் என்பது அன்றைக்குத்தான் ஊருக்கு உறைத்தது.

"அது பாட்டுக்கு நிக்குது. அதனால யாருக்கு என்ன கெடுதல்?" என்று ராசப்பன் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டான்.

"உன் பெஞ்சுக்குக் கெடுதல்" என்றாள் செல்லக்கிளி.

"அக்கா, நான் பெஞ்சுக்காகச் சொல்லல. காலையில கடை திறக்கும்போது மேலே பார்த்து, மரகதக்கா, இன்னிக்கு நல்லா போகணும்னு சொல்லிட்டுத்தான் அடுப்பையே பத்தவைக்கிறேன். நாளைக்கு யாரைப் பார்த்துச் சொல்லுவேன்?"

செல்லக்கிளி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். "பந்து விழுற வரைக்கும் அடிச்சவங்க அப்படியே நிக்கணும்ல? அவ இன்னும் கையைத் தூக்கிக்கிட்டுத்தானே நின்னுக்கிட்டிருப்பா? கால் வலிக்குதுன்னு சொல்லிட்டுப் போனவடா அவ" என்றாள்.

சிகாமணி இந்தப் பேச்சு எதிலும் கலந்துகொள்ளவில்லை. மட்டையை மறுபடியும் சால்வையில் சுற்றிக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டார். நீளம் சரியில்லை என்று மட்டும் சொன்னார். அடுத்த திங்கட்கிழமை அவர் மேட்டுக்கே போகவில்லை, அதற்கடுத்ததும் போகவில்லை. வாசலில் சாய்ந்திருந்த தண்டுகளையெல்லாம் ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து, நீளவாரியாக அடுக்கினார், பிறகு எடைவாரியாக அடுக்கினார்.

ஒரு சாயங்காலம் அல்லி அந்த அறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவர் ஒரு பழைய மட்டையின் ரப்பரை உரித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, இறங்கினதும் எழுப்பணும்னு அம்மா சொன்னாங்கல்ல?"

"ஆமா."

"எழுப்புவீங்களா?"

அவர் ரப்பரை உரித்தார்.

"எழுப்பினா எந்திரிப்பாங்களா அப்பா?"

அவர் ரப்பரை முழுக்க உரித்து முடித்து, அடியில் ஒட்டியிருந்த பசையையும் துடைத்து முடித்தார். "எந்திரிக்க மாட்டா பாப்பா" என்றார். வெண்பாறையில் அதை வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

அல்லிக்கு விக்கல் வந்தது. அது அடங்கக் காத்திருந்துவிட்டுக் கேட்டாள், "இறங்கின பிறகு அழலாமா?"

"அழலாம்."

"சத்தமா?"

"பஸ் ஹாரன் மாதிரி அழலாம். யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

அவர் எழுந்து போய்ச் சால்வையைப் பிரித்து மட்டையை மேஜைமேல் வைத்தார். மின்விளக்கைத் தாழ இழுத்தார். கறுப்புச் சாயம் பூசிய இடம் மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு அல்லியை எதிரில் உட்காரவைத்து, தண்டு மாற்ற வருகிற ஆட்டக்காரர்களிடம் ஒருநாளும் பேசாத விதமாக, எதையும் சுரண்டாமல், எதன்மேலும் சாயம் தடவாமல் பேசினார்.

"இந்தத் தண்டு உன் கைக்குச் சரி. இளக்கம் சரி, கனம் சரி. நீளம்தான் அதிகம். இதுக்கு மூணு வழி இருக்கு, நல்லாக் கேட்டுக்க. ஒண்ணு, வெட்டாம இப்படியே சுத்தி வெச்சிடலாம். நீ வளருவ. அம்மா உயரம் வந்ததும் இது தானா உனக்குச் சரியாயிடும். அதுக்கு வருஷம் ஆகும், அதுவரைக்கும் பந்து மேலேயேதான் இருக்கும். என்னைக் கேட்டா அதுவே போதும்னு தோணுது, அதையும் சொல்லிடறேன்."

அல்லி தலையாட்டினாள்.

"ரெண்டாவது, தலைப்பக்கம் வெட்டலாம். தலையைக் கழட்டி, கீழ் முனையில இவ்வளவு எடுத்துட்டு, திரும்ப மாட்டிடலாம். அப்படிச் செஞ்சா கைப்பிடிக்கு ஒண்ணும் ஆகாது. இதோ பாரு."

கைப்பிடியின் கறுப்பு ரப்பரில் ஓர் இடம் பளபளவென்று தேய்ந்திருந்தது. இடது கட்டைவிரல் அழுந்துகிற இடம். அதற்குக் கொஞ்சம் கீழே நாலு விரல்களின் தடம் மங்கலாக இருந்தது. அல்லி தன் கட்டைவிரலை அந்தப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தாள். விரல் சின்னதாக இருந்ததால் சுற்றிலும் இடம் மிச்சம் இருந்தது.

"அம்மா பிடிச்ச இடம் இது. இது அப்படியே இருக்கும். ஆனா தண்டோட வளைவு முழுக்க அந்தக் கீழ் முனையிலதான் இருக்கு. அங்க வெட்டினா விறைச்சிடும். உன் கைக்கு அது வளையாது, பந்து ஏறாது. ஆயிரம் தடவை அடிச்சாலும் பள்ளத்துலதான் விழும்."

"மூணாவது?"

"மூணாவது, கைப்பிடிப் பக்கம் வெட்டறது. வளைவு கெடாது. நீ நிக்கிற உயரத்துக்குச் சரியா இருக்கும், வயித்துல இடிக்காது. அப்படி அடிச்சா..." அவர் நிறுத்தினார். ஜன்னல் வழியாகப் பந்து தெரிந்தது, வெயில் இறங்கிக்கொண்டிருந்ததால் அதன் ஒரு பக்கம் மட்டும் வெள்ளையாக இருந்தது. "அப்படி அடிச்சா தொடும். ஆனா இந்த ரப்பரைக் கிழிச்சுத்தான் எடுக்கணும், முழுசா வராது. அம்மா பிடிச்ச இடம் போயிடும். புது ரப்பர்தான் போடணும், அது உன் கைக்குத்தான் தேயும்."

அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு துண்டுப் பென்சிலை எடுத்து அவள் முன்னால் வைத்தார், பிறகு சின்ன ரம்பத்தையும், வெட்டும் இடம் பிளந்துபோகாமல் சுற்றுகிற டேப்பையும் எடுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டார். வெளியே வளைவில் பேருந்து சத்தமில்லாமல் திரும்பிப் போயிற்று.

"அவசரமில்ல பாப்பா" என்றார். "நாளைக்குக்கூடச் சொல்லலாம்."

அல்லி ஸ்டூலிலிருந்து இறங்கினாள். மட்டையைத் தூக்கித் தரையில் ஊன்றி, தன் உடம்போடு சேர்த்து நிறுத்தி அளந்தாள். ஒருமுறை விக்கினாள். பென்சிலை எடுத்தாள். கைப்பிடிப் பக்கம் கோடு போட்டாள்.